ஆறு போல்ட், இரண்டு வட்டம்

2004-க்குப் பிறகு வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் சக்கரம் ஒன்றைக் கழற்றி, பக்கத்தில் நிற்கும் செவர்லே சில்வரடோவின் ஹப்பில் மாட்ட முயன்று பாருங்கள். அமெரிக்கச் சாலைகளில் ஒன்றுக்கொன்று சளைக்காத போட்டி வண்டிகள் இவை. ஏறத்தாழ ஒரே உடம்பு, ஒரே எடை, ஒரே வேலை. சக்கரத்தில் ஆறு துளை, ஹப்பில் ஆறு ஸ்டட். கிட்டே கொண்டு போகும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். ஹப்பின் நடுமேடு சக்கரத்தின் நடுத்துளைக்குள் தாராளமாக நுழையும். அடுத்த நொடி சக்கரம் 'ணங்' என்று நின்றுவிடும். குனிந்து பார்த்தால், ஆறு ஸ்டட்டும் தத்தம் துளையின் வெளிவிளிம்பில் முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். ஒவ்வொன்றுக்கும் போதாத தூரம் 2.35 மில்லிமீட்டர். ஒரு தீக்குச்சியின் தடிமன்.

அந்தத் தீக்குச்சித் தடிமனுக்குள் எண்பது ஆண்டுக்கால வரலாறும், பள்ளிக்கூட வடிவியலும், உலோகம் எப்படிக் களைத்து உடைகிறது என்ற பாடமும் அடங்கியிருக்கின்றன. ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

சக்கரத்தில் உள்ள துளைகளின் மையங்களையெல்லாம் இணைத்து ஒரு வட்டம் வரையலாம். அந்த வட்டத்தின் விட்டத்தை டயர் கடைக்காரர்கள் பிசிடி என்பார்கள். துளைகளின் எண்ணிக்கையும் பிசிடியும் சேர்ந்ததுதான் சக்கரத்தின் போல்ட் அமைப்பு. இன்றைய எஃப்-150-க்கு 6×135. சில்வரடோ 1500-க்கு 6×139.7. வட்டத்தின் விட்டத்தில் 4.7 மில்லிமீட்டர் வேறுபாடு. ஆரத்தில் அதில் பாதி. நம் ஸ்டட்டுகள் முட்டி நின்றது அந்தப் பாதியில்தான்.

ஆறு துளை உள்ள சக்கரத்தை அளப்பது எளிது. எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். மையத்தைக் கண்ணால் குறிப்பது கடினம் என்றால், ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து எதிர்த்துளையின் இடது விளிம்பு வரை அளக்கலாம். அதே விடைதான் வரும். இன்னொரு வழி, ஏழாம் வகுப்பில் கவராயம் பிடித்த கைகளுக்குத் தெரிந்தது. வட்டம் வரைந்த கவராயத்தை அதே அகலத்தில் வைத்து வட்டத்தின் மேல் அடி எடுத்து வைத்தால், சரியாக ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அறுகோணத்தின் பக்கமும் வட்டத்தின் ஆரமும் சமம் என்பதால் இப்படி. ஆகவே அடுத்தடுத்த இரு துளைகளின் மைய தூரத்தை இரட்டிப்பாக்கினால் பிசிடி. சில்வரடோவில் அந்தத் தூரம் 69.85 மில்லிமீட்டர், எஃப்-150-இல் 67.5.

ஐந்து துளையில்தான் சிக்கல். எந்தத் துளைக்கும் நேர் எதிரே துளை கிடையாது. பலர் ஒரு துளையின் வெளிவிளிம்பிலிருந்து அடுத்ததற்கு அடுத்த துளையின் நடுவரை டேப்பை இழுத்து ஒரு எண்ணைச் சொல்வார்கள். அது குத்துமதிப்பு. நான்கைந்து மில்லிமீட்டர் பிசகினால் 5×135 சக்கரத்தை 5×139.7 என்று நினைத்து வாங்கி வந்துவிட நேரும். வெர்னியர் காலிபரால் அடுத்தடுத்த இரு துளைகளின் மைய தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 82.1 வந்தால் அது 139.7 வட்டம், 79.35 வந்தால் 135.

இந்த 139.7 என்ற எண்ணைக் கவனியுங்கள். எந்தப் பொறியாளரும் வரைபலகை முன் உட்கார்ந்து, தசமப் புள்ளி போட்டு இப்படி ஒரு அளவைத் தேர்ந்தெடுக்கமாட்டார். அது மில்லிமீட்டர் உடுத்திய அங்குலம்: ஐந்தரை அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் 139.7. கார்களில் அடிக்கடி காணும் 114.3 என்பது நாலரை அங்குலம். 127 என்பது ஐந்து. 165.1 என்பது ஆறரை. டொயோட்டா ஹைலக்ஸும் இசுசு டி-மேக்ஸும் மிட்சுபிஷி ட்ரைட்டனும் மெட்ரிக் அளவில் வாழும் நாட்டின் நிறுவனங்கள் உருவாக்கியவை. ஆனாலும் அவற்றின் சக்கரத்தில் 6×139.7 என்ற அமெரிக்க அங்குலம் பதிந்திருக்கிறது. பாறைக்குள் பதிந்த சிப்பியைப் போல இந்த எண்ணை நான் பார்க்கிறேன். கடல் வற்றிவிட்டது, சிப்பியின் வடிவம் அப்படியே இருக்கிறது.

அந்தச் சிப்பியின் ஐந்து துளை வடிவம் நம் ஊருக்கும் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப் ஐந்தரை அங்குல வட்டத்தில் ஐந்து ஸ்டட்டுகளோடு ஓடியது. அந்த வில்லிஸ் வழி ஜீப்புகளை உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்தது மகிந்திரா. அதே 5×139.7 பின்னாளில் பொலீரோவிலும் பழைய தாரிலும் தொடர்ந்தது. மாருதி ஜிப்ஸியிலும் அதே அளவு உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டின் எஃப்-150 1996 வரை அதே ஐந்தரை அங்குல ஐந்து ஸ்டட்டில் நின்றது.

1997-இல் எஃப்-150 புது உருவம் எடுத்தபோது அங்குலத்தைக் கைவிட்டு 5×135-க்குப் போனது. முந்தைய ஆண்டு வண்டியின் சக்கரம் அடுத்த ஆண்டு வண்டியில் ஏறாது என்ற நிலை அப்படித்தான் வந்தது. 2004-இல் ஸ்டட் ஆறானது, வட்டம் 135-ஆகவே இருந்தது. இடையில் அதிக பாரம் தாங்கும் சில எஃப்-150-களில் 7×150 என்ற விசித்திரமும் உண்டு. ஏழு துளைச் சக்கரத்தைக் கண்ட டயர்காரர் ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். பெரிய பாரவண்டிகளின் கதையும் இப்படியே. ஃபோர்டும் செவர்லேயும் ராமும் ஒரு காலத்தில் எட்டு ஸ்டட், ஆறரை அங்குலம் என்ற ஒரே அளவைப் பகிர்ந்துகொண்டிருந்தன. 1999-இல் ஃபோர்டு சூப்பர் டியூட்டி 8×170-க்குப் போனது. 2011-இல் செவர்லேயின் எச்டி வண்டிகள் 8×180-க்குப் போயின. ராம் 2500 மட்டும் 165.1-ஐ விடவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரே விலைக்குக் கிடக்கும் மூன்று எட்டுத் துளைச் சக்கரங்கள் மூன்று வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும்.

டொயோட்டா டண்ட்ராவோ போய்த் திரும்பியது: 2000-இல் 6×139.7, 2007 முதல் 2021 வரை 5×150, 2022 முதல் மறுபடி 6×139.7. ராம் 1500 ஐந்து துளையோடு 2018 வரை வந்து, 2019-இன் புதிய வடிவில் ஆறு துளைக்கு மாறியது. பழைய வடிவம் 'கிளாசிக்' என்ற பெயரில் ஐந்து துளையோடே பக்கத்தில் விற்பனையானது. ஆக ஒரே ஆண்டில், ஒரே பெயரில், இரண்டு அமைப்பு. வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லிச் சக்கரம் வாங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஃபோர்டின் ஷோரூமுக்குள்ளேயே எஃப்-150-க்கு 6×135, ரேஞ்சருக்கு 6×139.7. ரேஞ்சரின் அடித்தளத்தில் பிறந்து, சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரான எண்டெவருக்கும் 6×139.7-தான்.

சரி, எண் பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆறு ஸ்டட்டும் ஆறு துளையில் இதமாக இறங்கிவிட்டன. நட்டை முடுக்குகிறோம். இனி வண்டியைத் தாங்குவது யார்?

ஸ்டட்டுகள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆணியில் மாட்டிய சட்டையைப் போல வண்டி ஆறு ஸ்டட்டுகளில் தொங்குவதாக மனதில் ஒரு படம். உண்மை வேறு. நட்டை முடுக்கும்போது நாம் ஸ்டட்டை நீட்டுகிறோம். நீண்ட ஸ்டட் ரப்பர் பேண்டைப் போலச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்கம் சக்கரத்தின் முகத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அழுந்திய இரண்டு முகங்களுக்கு இடையே எழும் உராய்வுதான் வண்டியைச் சுமக்கிறது, பிரேக்கைத் தாங்குகிறது. ஸ்டட்டின் வேலை குறுக்கே வெட்டுப்படுவதல்ல, இழுத்துப் பிடிப்பது.

எஃப்-150-க்கு நட்டின் முடுக்கு 150 அடி-பவுண்டு, அதாவது 204 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் இருபது கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. இந்த முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு நட்டின் அடிப்பரப்பிலும் மரையிலும் உராய்வாகவே கரைந்துவிடும். மிஞ்சும் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. ஆனால் அந்த ஒரு பங்கு 14 மில்லிமீட்டர் ஸ்டட்டில் ஏறத்தாழ ஏழு டன் இழுவிசையாக நிற்கிறது. ஆறு ஸ்டட்டுக்கு நாற்பது டன்னுக்கு மேல். உராய்வுக் கெழுவைக் குறைத்து 0.15 என்று வைத்தாலும், முகத்தோடு முகம் வழுக்காமல் ஆறு டன்னுக்கு மேல் தாங்கும்.

ஒரு சக்கரத்தின் மேல் ஏறும் எடை ஒரு டன்கூட இல்லையே, இவ்வளவு எதற்கு என்று தோன்றும். நெம்புகோலை நினைத்துப் பாருங்கள். டயரின் ஆரம் ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். போல்ட் வட்டத்தின் ஆரம் 67.5. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது சாலை டயரைப் பின்னுக்கு இழுக்கும் விசை, போல்ட் வட்டத்துக்கு வந்து சேரும்போது ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. டயரின் விளிம்பில் முக்கால் டன் இழுத்தால் ஹப்பின் முகத்தில் நாலரை டன். தாங்குவது ஆறு டன்னுக்குச் சற்று மேல், வருவது நாலரை. இரண்டு நட்டு தளர்ந்திருந்தால் தாங்கும் திறன் நாலரைக்கும் கீழே போய்விடும். நிறைய மிச்சம் இருக்கிறது என்று நாம் நினைத்த இடத்தில் அப்படியொன்றும் மிச்சம் இல்லை.

இதிலேயே என்னை மிகவும் உலுக்கிய கணக்கு ஒன்று உண்டு. ஏழு டன் இழுக்கும்போது அந்தக் கெட்டி எஃகு ஸ்டட் எவ்வளவு நீள்கிறது? நட்டுக்கும் ஹப்புக்கும் இடையே இழுபடும் பகுதி 25 மில்லிமீட்டர் என்று வைத்தால், நீட்சி சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன். இந்த முடியளவு நீட்சியில்தான் பிடிமானம் முழுவதும் இருக்கிறது. இப்போது, சக்கரத்தின் பின்முகத்தில் புதிதாகப் பவுடர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பெயின்டின் தடிமனும் அதே அளவுதான். ஓடும்போது சூட்டிலும் அதிர்விலும் பெயின்ட் நசுங்கி மெலிந்தால், ஸ்டட்டின் நீட்சி அந்த அளவுக்குக் குறைகிறது. நட்டு ஒரு நூலளவும் திரும்பாமலே பிடி தளர்ந்துபோகும். ஹப்பின் முகத்தில் ஒட்டிய துருவும் மண்ணும் செய்வது இதே வேலையைத்தான்.

பிடி தளர்ந்த சக்கரம் ஹப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் நகர ஆரம்பிக்கிறது. அதன் பிறகு ஸ்டட்டுக்குப் புது வேலை வருகிறது: வளைவது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஸ்டட் ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி வளைகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இந்த அளவுச் சக்கரம் நொடிக்குப் பதினோரு சுற்று, மணிக்கு நாற்பதாயிரம் சுற்று. கம்பியைக் கையால் இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்போமே, அதையே மெல்ல மெல்லப் பல்லாயிரம் முறை செய்வது போல.

உலோகம் களைத்து உடையும் இந்தக் குணத்தை உலகம் உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1842 மே 8-இல் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தீப்பிடித்தன. ஏராளமானோர் இறந்தார்கள். பின்னர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகுஸ்ட் வோலர், அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைக்கும் இயந்திரங்களைக் கட்டிப் பல ஆண்டுகள் சோதித்தார். ஒரே தடவையில் உடைக்கத் தேவையான விசையைவிட மிகக் குறைந்த விசையும், போதுமான முறை திரும்பத் திரும்ப வந்தால் உடைத்துவிடும் என்று அவர் அளந்து காட்டினார். உடைந்த வீல் ஸ்டட் கையில் கிடைத்தால் அதன் முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் தொடங்கி, அலை வடிந்த மணலைப் போல வரி வரியாக வழவழப்பான பகுதி இருக்கும். அது விரிசல் நாள்கணக்கில் நடந்து வந்த பாதை. மீதி, சொரசொரப்பான மங்கல் பகுதி. கடைசி நொடியில் பட்டென்று அற்ற இடம்.

ஆகவேதான் 'நுழைகிறதே, முடுக்கிவிட்டால் சரியாகிவிடும்' என்ற பேச்சைக் கேட்டால் எனக்குப் பதறுகிறது. 6×135-ஐ 6×139.7-இல் மாட்ட முடியாது. அது முட்டி நின்று நம்மைக் காப்பாற்றிவிடும். ஆபத்து அதற்கும் நுண்ணிய வேறுபாடுகளில் இருக்கிறது. 5×114.3 சக்கரம் 5×115 ஹப்பில் இறங்கிவிடும். ஆரத்தில் 0.35 மில்லிமீட்டர் வேறுபாடுதான். ஆனால் ஒவ்வொரு நட்டின் கூம்பும் துளையின் கூம்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். டார்க் ரென்ச் 'டிக்' என்று சொல்லும். ஸ்டட்டோ முதல் நாளிலிருந்தே வளைந்து நிற்கும்.

பிசிடி ஒத்துப்போனாலும் கேட்கவேண்டிய கேள்விகள் இன்னும் உண்டு. நடுத்துளையை எடுத்துக்கொள்ளுங்கள். 6×139.7 என்ற ஒரே எண்ணைத் தாங்கிய வண்டிகளில் ஹைலக்ஸின் நடுத்துளை 106.1, ரேஞ்சரின் நடுத்துளை 93.1, சில்வரடோவின் நடுத்துளை 78.1. சில்வரடோ சக்கரம் ஹைலக்ஸின் ஹப்பில் ஏறவே ஏறாது. ஹைலக்ஸ் சக்கரம் ரேஞ்சரில் ஏறும். ஆனால் சுற்றிலும் ஆறரை மில்லிமீட்டர் சந்து இருக்கும். சக்கரத்தை மையத்தில் நிறுத்த வளையம் போடாவிட்டால், எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். அலைன்மென்ட், பேலன்சிங் என்று கடை கடையாக அலைந்து காசைக் கரைத்தவர்கள் பலருக்கும் தேவைப்பட்டது ஒரு வளையம்தான்.

அடுத்தது நட்டு உட்காரும் இடம். சில சக்கரங்களில் அது கூம்பு, சிலவற்றில் கோளம், டொயோட்டாவின் பல பழைய அலாய் வீல்களில் வாஷரோடு கூடிய தட்டை. கூம்பு நட்டைக் கோளக் குழியில் முடுக்கினால் மெல்லிய ஒரு வளையக் கோட்டில்தான் தொடும். அந்தக் கோட்டில் அலுமினியம் நசுங்கும்; நசுங்கினால் அதே முடியளவு நீட்சி போய்விடும். மரையும் மாறும். 2014 வரை எஃப்-150-க்கு ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே 2 மில்லிமீட்டர், 2015 முதல் 1.5. பழைய நட்டு புதிய ஸ்டட்டில் முதல் ஒரு சுற்று ஏறி, பிறகு மரையைக் கடிக்கும். கையால் ஏறாத நட்டை ஏர் கன்னால் ஏற்றக் கூடாது என்று பழைய மெக்கானிக்குகள் திட்டுவது இதற்காகத்தான்.

சக்கரத்தின் உள்-வெளித் தள்ளல், அதாவது ஆஃப்செட், தனியாக ஓர் அத்தியாயம் கேட்கும். இங்கே ஒன்று மட்டும்: 30 ஆஃப்செட் சக்கரத்தை 55 கேட்கும் ஹப்பில் மாட்டினால் டயர் 25 மில்லிமீட்டர் வெளியே துருத்தும். பார்க்க மிடுக்காக இருக்கும். அந்த நீளமெல்லாம் வீல் பேரிங்கின் மேல் நெம்புகோலாக ஏறும்.

வட்டம் மாறினால் வழியே இல்லையா? இருக்கிறது. சந்தையில் விற்கும் பல அலாய் வீல்களில் 6×135, 6×139.7 இரண்டுக்குமாகப் பன்னிரண்டு துளை இருக்கும். ஒரு வட்டத்தின் துளைகளுக்கு நடுநடுவே மற்ற வட்டத்தின் துளைகள். தயாரிப்பாளரே கணக்குப் போட்டுத் துளைத்தது, தவறில்லை. ஹப்பில் முடுக்கி, அதன் மேல் சக்கரத்தை முடுக்கும் அடாப்டர் தட்டும் உண்டு. நல்ல உலோகத்தில், ஹப்பின் நடுமேட்டில் சரியாக உட்காரும்படி கடைந்ததாக இருந்தால் ஓடும். ஆனால் ஒரு மூட்டு இருந்த இடத்தில் இரண்டு மூட்டு வந்துவிடுகிறது. உள்ளே மறைந்திருக்கும் நட்டுகளைச் சக்கரத்தைக் கழற்றாமல் பார்க்க முடியாது. பாரம் இழுக்கும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். லேத் பட்டறையில் துளையை நீளவாக்கில் ராவி விடுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. கூம்பு உட்கார இடமில்லாத துளையில் நட்டு எதைப் பிடித்துக்கொள்ளும்?

சொந்த வண்டியின் சக்கரத்தையே கழற்றி மாட்டினாலும் இதே இயற்பியல்தான். ஸ்டெப்னி மாற்றும்போது ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். நட்டுகளைக் கையால் ஏற்றி, ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திரம் போடுவது போல முடுக்குங்கள். மாட்டிய பிறகு 160 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி முடுக்கிப் பார்க்கச் சொல்கிறது எஃப்-150-இன் கையேடு. உங்கள் வண்டி எதுவானாலும் அந்த ஐந்து நிமிட வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.